இலுப்பை மரத்தில் தொங்கிய விளக்குகள்

ஒரு காட்டில் கடைத்தெரு ஒன்று இருந்தது. காட்டில் ஏது கடைத்தெரு என்று கேட்காதீர்கள் குழந்தைகளே, கதை கேட்க உட்கார்ந்துவிட்டால் சிலதை நம்பித்தான் ஆக வேண்டும். மாலையில் ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகள், திரும்பும் வழியில் அந்தத் தெருவில் வேண்டியதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

தெருவின் கிழக்குப் பக்கம் சடையன் என்ற கரடியின் எண்ணெய்க் கடை. கடைக்குப் பின்னால் அவனுடைய இலுப்பை மரம் உயர்ந்து நின்றது. அதன் விதைகளைக் காயவைத்து, செக்கில் ஆட்டி எண்ணெய் எடுப்பான். காட்டில் எந்த வீட்டில் விளக்கு எரிந்தாலும் அது சடையன் ஆட்டிய எண்ணெய்தான். அவனுக்குக் குறை என்று ஒன்றுமே இல்லை.

இல்லை என்றா சொன்னேன்? ஒன்று இருந்தது. எதிர்ப்பக்கம் பூங்காவனம் என்ற மரநாய் பழக்கடை வைத்திருந்தாள். அந்தக் கடையில் ஒரே ஒரு சின்ன விளக்கு. அதன் தலைக்கு மேலே கொட்டாங்குச்சி ஒன்றைக் கவிழ்த்துக் கட்டியிருந்தாள். வெளிச்சம் பழத்தட்டில் விழும், வாசலில் நாலடி விழும், அத்தோடு சரி. ஆனாலும் பொழுது சாய்ந்தால் அங்கேதான் கூட்டம் நெரியும். அதைப் பார்த்துப் பார்த்துச் சடையனுக்குத் தொண்டையில் தேன்கூட இறங்கவில்லை.

ஒருநாள் மலையணிலை மறித்துக் கேட்டான்.

"என்ன அணிலு, தினமும் அந்தப் பக்கமே போறே? என் கடை கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன சடையண்ணே. உங்ககிட்ட வாங்கின எண்ணெய் வீட்டுல இன்னும் பாதிக்கு மேல கிடக்கு. பழம் அப்படியா? தினம் வேணுமே."

நியாயமான பதில்தான். ஆனால் வயிறு எரிகிறவன் காதில் நியாயம் நுழையுமா? 'எல்லாம் அந்த விளக்கு பண்ற வேலை' என்று சடையன் முடிவு கட்டிவிட்டான்.

மறுநாளே கடை முன்னால் உயரமான கம்பம் நட்டு, உச்சியில் பெரிய பெரிய விளக்குகளாகத் தொங்கவிட்டான். மூடியும் இல்லை, மறைப்பும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தங்கள் கடை மங்கித் தெரிவது போல் பட்டது. அவர்களும் ஆளுக்கு நாலு விளக்கு ஏற்றினார்கள். தெரு முழுக்கப் பகல் மாதிரி ஆகிவிட்டது. கூட்டில் தூங்க வேண்டிய குருவிகள் விடிந்துவிட்டது என்று எண்ணிக் கத்தத் தொடங்கின. மான்குட்டிகள் தூக்கம் வராமல் அழுதன. மின்மினிகள் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விட்டன. வானத்தில் நட்சத்திரம் என்று ஒன்று இருந்ததே மறந்து போயிற்று.

எண்ணெய் நன்றாக விற்றது. ஆனால் சடையனுக்கு அதுவா முக்கியம்? எதிர்க்கடைக் கூட்டத்தில் ஓர் ஆள் குறையவில்லையே.

காட்டின் தலைவரான யானை கூட்டம் கூட்டினார். அந்தக் காட்டில் ஆண்டுக்கு ஒரே ஒரு கூட்டம்தான் நடக்கும். சட்டம் போடுவதானால் அன்றைக்குத்தான் போட வேண்டும்.

"இனிமே கடைக்கு ஒரு விளக்குதான்," என்றார் யானை. "அதுக்கு மேல மூடி இருக்கணும். வெளிச்சம் தரையில விழணும். கடையைச் சாத்தினதும் விளக்கையும் அணைச்சிடணும். எப்படின்னு தெரியலைன்னா பூங்காவனம் கடை விளக்கைப் போய்ப் பாருங்க."

கடைசியில் சொன்ன வாக்கியம் மட்டும் இல்லாதிருந்தால் சடையன் அடங்கியிருப்பானோ என்னவோ. அவள் விளக்கைப் பார்த்துச் சட்டமா? அன்று இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தான். விடியும்போது அவனுக்கு ஒரு தந்திரம் தோன்றியது.

கம்பத்தைப் பிடுங்கிப் போட்டான். கடையில் ஒரே ஒரு விளக்கு வைத்து, அதற்கு ஒழுங்காக மூடியும் போட்டான். மீதி விளக்குகளையெல்லாம் பின்னால் இருந்த இலுப்பை மரத்தில் கிளைக்குக் கிளை தொங்கவிட்டு ஏற்றினான்.

யானை வந்து பார்த்தார். "என்ன சடையா இது?"

"சட்டம் கடைக்குத்தானுங்களே ஐயா? இது மரம். மரத்தைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே."

யானை காதை ஆட்டிக்கொண்டு யோசித்தார். அவர் சொல்லவில்லைதான். இனி அடுத்த ஆண்டுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அன்று மாலை தெருவே திரண்டு வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தது. பூங்காவனமும் பழக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"பார்க்க நல்லாத்தான் இருக்குண்ணே," என்றாள். "ஆனா மரம் பூவெடுக்குற நேரமாச்சே. இந்த நேரத்துல போய்..."

"பொறாமைம்மா உனக்கு," என்றான் சடையன். யார் வாயிலிருந்து என்ன வார்த்தை வருகிறது பார்த்தீர்களா?

அடுத்த வாரம் இலுப்பை பூத்தது. இருட்டிய பிறகு வௌவால் கூட்டம் ஒன்று மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. ஒன்றுகூடக் கிளையில் உட்காரவில்லை. கூட்டத்தில் ஒரு வௌவால் மட்டும் சடையனின் கூரையில் வந்து தொங்கியது.

"அண்ணே, வருசா வருசம் உங்க மரத்துப் பூவைத் தின்னுதான் எங்க பொழப்பு ஓடுது. இந்த வருசம் கண்ணு கூசுது, கிளையே தெரியலை. வெளிச்சத்துல உட்கார்ந்தா ஆந்தை தூக்கிட்டுப் போயிடும். பூ இருக்குற வரைக்குமாவது விளக்கை எடுத்துடுங்க."

"உன்னை யார் அனுப்பினா?"

"பசிதான் அனுப்புச்சு."

"பொய் சொல்லாதே. பூங்காவனம்தானே அனுப்பினா?"

வௌவாலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது தன் கூட்டத்தோடு தெருவைத் தாண்டிப் போயிற்று. பூங்காவனம் கடைக்குப் பின்னால் இருட்டில் மெலிந்த இலுப்பை மரம் ஒன்று நின்றது. எல்லாம் அதில் போய் இறங்கின.

'தின்கிற கூட்டம் ஒழிந்தது, இனி பூவெல்லாம் எனக்கே மிச்சம்' என்று சடையன் கையைத் தட்டிக்கொண்டான். வாழ்நாள் முழுக்க இலுப்பை விதையை ஆட்டியவன்தான். ஆனால் வௌவால் பூவுக்குப் பூ தாவித் தின்னும்போது மகரந்தத்தையும் சுமந்து போகிறது, அதனால்தான் பூ காயாகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவன் எப்போதும் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

பூவெல்லாம் உதிர்ந்து தரையில் மெத்தை போட்டது. காய்க்கும் பருவம் வந்தது. சடையன் தன் மரத்தில் ஏறிக் கிளை கிளையாகத் தேடினான். இலை இருந்தது, விளக்கு இருந்தது, காய் மட்டும் இல்லை. எதிரே பூங்காவனத்தின் மெலிந்த மரம் காய்ச் சுமையில் வளைந்து கிடந்தது. சடையன் அன்று சாப்பிடவில்லை.

மரத்து விளக்குகளோ ராத்திரி தோறும் எண்ணெய் குடித்தன. பானை பானையாகக் காலியாயிற்று. மழை தொடங்கிய நேரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் கடை விளக்கும் அணைந்தது.

மலையணில் வந்தது. "எண்ணெய் இருக்காண்ணே?"

"இல்லை."

"எதிர்க்கடையில விதை நிறைய இருக்காம். கேட்டுப் பார்க்கிறேன்," என்று சொல்லிவிட்டு அது தெருவைத் தாண்டியது.

சடையனுக்கு உடம்பெல்லாம் தீப்பற்றியது போல் இருந்தது. முதலில் கூட்டம் போயிற்று, பிறகு வௌவால் போயிற்று, இப்போது எண்ணெய்க்காரன் என்ற பேரும் போகப் போகிறது. இன்று அவளை நாலு கேள்வி கேட்டே தீருவது என்று எழுந்தான். எதிரெதிரே இத்தனை காலம் கடை நடத்தியும், அந்த வாசலை அவன் மிதித்தது அன்றுதான்.

"வாங்கண்ணே," என்றாள் பூங்காவனம். "நானே வரணும்னு இருந்தேன். விதை மூட்டை மூட்டையா கிடக்கு. எனக்குச் செக்காட்டத் தெரியுமா? நீங்கதான் ஆட்டித் தரணும். எண்ணெயில ஆளுக்குப் பாதி."

அவள் கேலியாகச் சிரித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். கேட்க வந்த நாலு கேள்வியையும் அந்த வாசலிலேயே போட்டுவிட்டு, மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தான். தெருவே பார்த்தது.

அந்த மழைக்காலம் முழுக்கக் காட்டில் எரிந்தது பூங்காவனத்தின் மரத்து எண்ணெய். "அக்கா மரத்து எண்ணெய் நல்லா நின்னு எரியுது" என்று யாராவது சொன்னால், செக்கடியில் நின்ற சடையனுக்கு இரண்டு நாள் தூக்கம் போய்விடும். அப்படித் தூங்காமல் கிடந்த ஓர் இரவில்தான், வௌவால் இறங்கிய மரம் காய்த்தது, வௌவாலை விரட்டிய மரம் காய்க்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

மழை விட்டபின் கூட்டம் கூடியது. யானை வாய் திறக்கும் முன்பே சடையன் எழுந்தான்.

"ஐயா, போன வருசம் போட்ட சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு. அதுல புகுந்தவன் நான்தான். கடைக்கு மட்டும் போட்டா போதாது. மரம், வேலி, பாறை, எங்க வச்சாலும் வெளிச்சம் தரையிலதான் விழணும்னு போடுங்க. மேல பார்த்து ஒரு விளக்கும் கூடாது."

சட்டம் அப்படியே நிறைவேறியது.

அடுத்த பூக்காலம் வந்தது. சடையன் கடையைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டு, இலுப்பையின் அடியில் இருட்டில் உட்கார்ந்திருந்தான். இந்த முறையும் காய்க்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். வௌவால்கள் வந்தன. வந்தவை நேராகப் பூங்காவனத்தின் மரத்துக்குப் போயின.

சடையனுக்கு வயிறு பற்றி எரிந்தது. விளக்கு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை ஏற்றி எதிர் மரத்தின் பக்கம் திருப்பினால் எல்லாம் ஒரு நொடியில் கலைந்து ஓடிவிடும். அவன் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான்.

அப்படியே உட்கார்ந்திருந்தான். வெகு நேரம் கழித்து, அவன் தலைக்கு மேலே கிளையில் ஏதோ வந்து தொங்கும் சத்தம் கேட்டது.

நீதி: அடுத்தவரை மங்கவைக்க நாம் ஏற்றும் விளக்கு, நம் வீட்டு எண்ணெயைத்தான் குடிக்கும்.