பொன்னலகி பூசிய சுவர்

பனி இறங்கும் மலைக்காட்டில், ஒரு மரப்பொந்துக்குள் பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை அடைந்திருந்தாள். முட்டையிடும் காலத்தில் இருவாச்சிப் பெண் பொந்துக்குள் புகுந்து, அதன் வாயை மண்ணால் பூசிக்கொள்வாள். உடும்பு வராமலிருக்க அந்த ஏற்பாடு. அலகு நீளும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் இருக்கும். அதன் வழியே கணவன் பழம் ஊட்டுவான்.

மூன்று நாளாக அவனைக் காணோம். கீற்று வழியே பனி வந்தது. இளவெயில் வந்தது. எங்கோ பழுத்த அத்தியின் மணம் கனவுபோல மிதந்து வந்தது. பழம் வரவில்லை. குஞ்சுகள் இரண்டும் கத்தவும் தெம்பின்றிச் சுருண்டு கிடந்தன.

மலையணில் ஓடி வந்தது.

"அக்கா! அத்தானைக் கழுகு தூக்கிப் போய்விட்டது. இந்தா, முதலில் இந்தப் பழத்தைக் குஞ்சுகளுக்குக் கொடு!"

"நிறுத்து!" கிளை அதிர வந்து அமர்ந்தார் இருவாச்சிகளின் தலைவர் கொம்பனார். "கணவன் தவிர யாரும் ஊட்டக்கூடாது. அது நம் மானம்!"

"அப்படியானால் நானே போய்க் கொண்டுவருகிறேன்" என்றாள் பொன்னலகி.

"குஞ்சு வளருமுன் பெண் சுவரை உடைக்கக்கூடாது. அது நம் சட்டம்!"

"தாத்தா, இன்று காலை நீங்கள் தின்றது மானமா, அத்திப்பழமா?" என்றது அணில்.

"வாயை மூடு! பெண்ணைக் காக்க நம் முன்னோர் எழுப்பிய சுவர் இது!"

பொன்னலகிக்குச் சிரிப்பு வந்தது. கசந்த சிரிப்பு.

"எந்த முன்னோர்? மண்ணைக் குழைத்தவள் நான். உள்ளேயிருந்து பூசியவள் நான். உடும்புக்குப் பயந்து பூசினேன், உமக்குப் பயந்து அல்ல!"

ஓங்கிக் கொத்தினாள். சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. பொந்துக்குள் அடைந்தபின் உதிர்ந்த இறகு அவளுக்குப் பாதிதான் மீண்டும் முளைத்திருந்தது. விழுந்தாள், எழுந்தாள், வெண்பனிக்குள் நீந்துவதுபோலத் தத்திப் பறந்தாள். தொண்டை நிறைய அத்திப்பழத்தோடு திரும்பினாள். குஞ்சுகள் தின்றன. பிறகு, உடும்பு வராதபடி வெளியிலிருந்து அவளே சுவரைப் பூசினாள்.

மாலையில் கொம்பனார் கூட்டம் கூட்டினார். "தலைவர் அனுமதி பெற்றுச் சுவரை உடைக்கலாம்" என்று புதுச் சட்டம் படித்தார். அவர் படித்து முடிக்குமுன், பல நாளாகப் பேச்சுமூச்சற்றிருந்த இன்னொரு பொந்திலிருந்து, உள்ளேயிருந்தவள் சுவரைக் கொத்தும் சத்தம் கேட்டது.

உயிரைக் காக்க வந்த வழக்கம் உயிரைக் குடிக்கத் தொடங்கினால், அதை உடைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.