கரடியின் கச்சேரியும் தூங்கிப்போன வௌவால்களும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய்யென்றால் என் மீசை இந்த இடத்திலேயே உதிர்ந்து விழட்டும்!

காட்டுக்கு நடுவே பெரிய பானையைக் கவிழ்த்ததுபோல் ஒரு குடைந்த பாறை. அதன் வாயில் நின்று முனகினால்கூட எதிர்மலை அதிரும். வருஷத்துக்கு ஒருநாள், பொழுது சாயும் நேரத்தில், அங்கே கச்சேரி நடக்கும். கட்டுப்பாடு ஒன்றுதான். கூட்டம் பாதியில் எழுந்து போய்விட்டால் அந்தக் கோஷ்டி மறுபடி பாறை ஏறக்கூடாது.

அந்த வருஷம் முக்கியக் கச்சேரி கருவாயன் என்ற கரடியுடையது. அவன் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். உறுமலுக்கு மேலே கரிச்சான் குருவி ஒருத்தி தேனாக விசிலடிப்பாள். தாளத்துக்கு மரங்கொத்தி. பாட்டெல்லாம் சாவு, எலும்பு, சுடுகாடு. கேட்டால் வயிறு கலங்கும், காது இனிக்கும். பட்டணத்தில் இதற்கு மெலடிக் டெத் மெட்டல் என்று பெயராம். நம் காட்டில் சாவு உறுமல் என்பார்கள். கழுகுகளுக்கு அதில் தனிப் பிரியம்.

கருவாயனுக்கு முன்னால் பாட வேண்டியது தேரைக் கோஷ்டி. அவன் குட்டியாக இருந்தபோதே அந்தப் பாறையில் கத்தியவர்கள். மூத்தவர் சொறியாண்டி. அவர் கீச்சுக்குரல் எடுத்தால் தகரத்தைக் கிழிப்பதுபோல் இருக்கும்.

தண்ணீர்த் துறையில் எல்லோரும் தேரைகளைப் பற்றியே பேசுவது கருவாயன் காதில் விழுந்தது. வயிறு எரிந்தது. நேரே சொறியாண்டியிடம் போனான்.

“அண்ணே, வயசாகிடுச்சு. மூணு பாட்டோட இறங்கிடுங்க. அதையும் பாதிக் குரல்ல பாடுங்க. தொண்டைக்கு நல்லது.”

“எந்தத் தொண்டைக்கு, தம்பி?” என்றார் சொறியாண்டி.

முக்கியக் கச்சேரிக்காரன் வைத்ததுதான் அன்றைக்குச் சட்டம்.

தேரைகள் அவன் சொன்னபடியே மெல்லப் பாடி இறங்கின. கூட்டம் கொட்டாவி விட்டது. கருவாயன் மார்பை நிமிர்த்திப் பாறை ஏறினான். உறுமினான். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசியதுபோல் இருந்தது! கரிச்சானின் விசிலும் எழும்பவில்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டதா, இல்லை இன்னும் தொண்டையைத்தான் செருமுகிறானா என்று முள்ளம்பன்றி பக்கத்தில் விசாரித்தது. காட்டுப்பன்றி எழுந்தது. அதைப் பார்த்து மான்களும் எழுந்தன.

கரிச்சான் சட்டென்று பாறைக்குள் பறந்து பார்த்தாள். கூரை முழுக்க வௌவால்கள், நனைந்த கம்பளி தொங்குவதுபோல் அடைஅடையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. சத்தமெல்லாம் அவற்றுக்குள் அமுங்கிப்போயிருந்தது. ஒரு கிழட்டு வௌவாலைக் கொத்தி எழுப்பி, இன்னும் இரை தேடப் போகவில்லையா என்று கேட்டாள்.

“வருஷா வருஷம் இந்தத் தேரைங்க போடுற கீச்சல் பொறுக்காமதான் இந்நேரத்துக்கு வெளியே ஓடுவோம். இன்னைக்குத் தொட்டில் ஆட்டுற மாதிரி பாடினாங்க. அப்புறம் யாரோ இதமா உறுமினாங்க. அசந்துட்டோம்மா” என்றது வௌவால்.

இதைக் கேட்டுச் சொறியாண்டிக்கும் முகம் சுருங்கியது. தம் புகழைப் பரப்பத்தான் வௌவால்கள் பறக்கின்றன என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்!

கூட்டத்தில் பாதி நகர ஆரம்பித்துவிட்டது. கருவாயன் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் பாறையைவிட்டு இறங்கினான்.

“அண்ணே, முழுக் குரல்ல பாடுங்க.”

“எத்தனை பாட்டு?”

“உங்க இஷ்டம்” என்றான் கருவாயன்.

தேரைகள் ஏறிக் கத்தின பாருங்கள்! வௌவால்கள் புகைபோல் பொங்கி வெளியேறின. போனவர்கள் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். சொறியாண்டி கருவாயன் வாக்கை அப்படியே எடுத்துக்கொண்டார். பாடினார், பாடினார், இறங்கவே இல்லை. இருட்டினால் சிறுத்தைக்குப் பசியெடுக்கும், அதற்குள் கச்சேரி முடிந்தாக வேண்டும். கடைசியில் கருவாயனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாட்டு.

ஆனால் அந்த ஒரு பாட்டில் எதிர்மலை குலுங்கியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. அன்று தலையாட்ட ஆரம்பித்த ஓணான்கூட இன்னும் நிறுத்தவில்லை, வேலியில் போய்ப் பாருங்கள்.

முன்னால் பாடுகிறவர் குரலை அமுக்குகிறவன் தன் குரலையும் சேர்த்தே அமுக்கிக்கொள்கிறான்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பெயரை எடுக்காதீர்கள், வௌவால் சொன்னதைக் காடெல்லாம் பரப்பியது நானோ என்று சொறியாண்டிக்கு இன்னும் என்மேல் சந்தேகம் இருக்கிறது.