உள்ளே வந்தவன்

மலையடிவார மடத்தில் எல்லோரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். நடமாடியவன் ஒருவன்தான். மழைக்கு ஒதுங்கி வந்து தங்கிவிட்டவன். பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. அவன்தான் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றினான்.

தணிகாசலம் மட்டும் குடிக்கவில்லை. சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றபின் சீடரானவர். சுவரைப் பிடித்துக்கொண்டே குருவின் அறைக்குப் போனார். சிவக்கொழுந்தம்மை பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அதைக் கீழே வையுங்கள். அவன் வந்த பிறகுதானே காய்ச்சல் வந்தது?"

"மழையும்தான் வந்தது."

"அறையை உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறான். மூட்டையைத் தொடவிடுவதில்லை. இன்றைக்கே விரட்டிவிடுகிறேன்."

அம்மை இன்னொரு வாய் குடித்துவிட்டு ஒரு பழங்கதை சொன்னார்.

"உயிர் என்றால் வெறும் ஒற்றை உயிரணுவாக இருந்த காலம். மரமில்லை, மீனில்லை. பிராணவாயு புதிதாகப் பெருகிக்கொண்டிருந்தது. பலவற்றுக்கு அது நஞ்சு. அப்போது ஒரு பெரிய உயிரணு ஒரு சின்ன உயிரணுவை விழுங்கியது."

"தின்றுவிட்டதா?"

"செரிக்கவில்லை. சின்னது உள்ளேயே பிழைத்துக்கொண்டது. அந்த வாயுவை எரித்துப் பலமாக்க அதற்குத் தெரியும். அந்தப் பலத்தில்தான் பிற்பாடு உயிரணுக்கள் கூடிச் சேர்ந்து மரமாயின, மீனாயின. நீயும் நானும் ஆனோம்."

"பெரியது அதை நம்பியதா?"

"நம்பியதாகத் தெரியவில்லை. தன் ரகசியங்களை நடுவில் ஓர் அறை கட்டி உள்ளே வைத்துக்கொண்டது."

"சின்னது?"

"இன்றுவரை தன் தோலைக் கழற்றவில்லை. தனக்கென்று கொஞ்சம் ரகசியமும் வைத்திருக்கிறது. சில சமயம் தான் தங்கியிருக்கும் உயிரணுவையே உள்ளிருந்து கொன்றுவிடுகிறது."

"என் உடம்பிலுமா?"

"கோடி கோடியாக."

"அப்படிப்பட்டதை எதற்கு உள்ளே விட்டு வைத்திருக்கிறோம்?" காவலர் குரல் வந்துவிட்டது.

"மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்."

பொத்திக்கொண்டார். முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. கை தானாக விலகி, ஆவென்று மூச்சை இழுத்தார்.

"இப்போது காற்றுக் கேட்டது நீ இல்லை," என்றார் அம்மை. "அதுதான்."

அந்த மனிதன் உள்ளே வந்தான். தணிகாசலத்தின் முன்னால் ஒரு கிண்ணம் கஞ்சியை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பாராமல் போனான்.

தணிகாசலம் அதை எடுத்து முகர்ந்தார்.

"அம்மா, இதில் ஒன்றும் கலக்கவில்லை என்று உறுதியாகச் சொல்வீர்களா?"

"சொல்ல முடியாது," என்றார் அம்மை. "ஆறிப்போகிறது, குடி."