துணிக்கு வராத மாதுளை

தாமரைக் குளத்தங்கரையில், கப்பலேறி வந்த ஓவியன் ஒருவனின் வீடு இருந்தது. அவன் மேசைக்குக் கீழே ஒரு பொந்தில் மணிக்கண்ணி என்ற எலி, கண் திறக்காத குட்டிகளோடு குடியிருந்தது.

ஓவியன் மேசைமேல் உணவைப் பரப்புவான், சாப்பிட மாட்டான். வெள்ளித் தட்டு, கண்ணாடிக் கிண்ணம், பாதி தோலுரித்த எலுமிச்சை, ரொட்டி, பிளந்த மாதுளை. ஜன்னல் வெளிச்சம் அவற்றின்மேல் தேன்போல மெல்ல நகரும். அவனும் அவ்வளவு மெல்ல, சட்டத்தில் கட்டிய துணியில் ஒவ்வொன்றாக வரைவான். வரைந்து முடித்ததை அப்புறம் திரும்பியும் பார்க்க மாட்டான்.

மணிக்கண்ணி இதைக் கவனித்து வைத்திருந்தது. அவன் குளிக்கப் போனதும் துணியை அண்ணாந்து பார்க்கும். அங்கே வந்துவிட்டதை மட்டும் தின்னும். அதனால் ஓவியனுக்கு இடைஞ்சல் இல்லை; அந்த வீட்டில் பூனையும் இல்லை.

ஒருநாள் வரிமுதுகன் என்ற அணில் ஜன்னல் வழியே உள்ளே குதித்தது.

"என்னக்கா, இத்தனை விருந்தை வைத்துக்கொண்டு காய்ந்த ரொட்டியையா கடிக்கிறாய்?"

"ரொட்டி வரைந்தாயிற்று தம்பி. மாதுளை இன்னும் துணிக்கு வரவில்லை. அதைத் தொடாதே."

"பழம் பழுத்தால் போதாதா, படத்திலும் வர வேண்டுமா? நல்ல கூத்து!"

"நாளைக்கு வரைந்துவிடுவான். அதுவரை பொறு. என் பிள்ளைகள் இன்னும் கண் திறக்கவில்லை."

"அவர்கள் கண் திறக்கிறவரை என் வயிறு வாயை மூடிக்கொண்டு இருக்குமா?"

மாதுளை முத்துகள் உள்ளே விளக்கேற்றியதுபோல் சிவந்து கிடந்தன. அணில் பாய்ந்தது. தோல்தான் மிச்சம்.

ஓவியன் ஈரத் தலையோடு வந்தான். வெறும் தட்டை வெகுநேரம் பார்த்தான். பிறகு வெளியே கிளம்பிப் போனான். சாயங்காலம் அந்தத் தட்டருகே ஒரு சாம்பல் பூனை சுருண்டு படுத்திருந்தது.

அது கண்ணயர்ந்த நேரம் பார்த்து, மணிக்கண்ணி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கரையோர நாணலுக்குள் போய்ச் சேர்ந்தது. மழை தூறத் தொடங்கியது. கொய்யா மரத்திலிருந்து அணில் தயங்கித் தயங்கி இறங்கி வந்தது.

"கோபமா அக்கா? இனி நானும் அந்தப் பக்கம் போக முடியாது."

"உனக்கு மரம் இருக்கிறது தம்பி."

மணிக்கண்ணி குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டது. தூறலுக்கு அப்பால், ஜன்னலுக்குள் அந்தத் துணி மங்கலாக மினுங்கியது.

"அதோ பார். நான் தின்ற ரொட்டி இன்னும் அங்கே புதிதாக இருக்கிறது. நீ தின்ற மாதுளைதான் எங்கேயும் இல்லை."

ஒருவன் பொறுக்காத பசிக்கு, பக்கத்தில் இருப்பவரின் வீடும் இரையாகிவிடும்.