மஞ்சளன் கட்டி முடித்த கூடு

ஒரு காட்டில், ஓடையின் மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் குடியிருந்தன. அந்தக் கூட்டத்திலேயே பெரிய புத்திசாலி மஞ்சளன் என்ற ஆண்குருவி. குழந்தைகளே, இதை நான் சொல்லவில்லை. அந்த மரத்தில் வேறு யாரும் சொல்லவும் இல்லை. மஞ்சளன் தானே சொல்லிக்கொண்டான்.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி முதலில் கூட்டைப் பாதிதான் கட்டும். புல்லை நாராகக் கிழித்து, கூரையைப் பின்னி, அதன் நடுவே குறுக்காக ஒரு புல்கயிற்றையும் கட்டி, அதோடு நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூவும். பெண்குருவி வரும். அந்தக் கயிற்றில் உட்கார்ந்து ஆடிப் பார்க்கும். அலகால் அங்கே இங்கே இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால் தங்கிவிடும். அதற்குப் பிறகுதான் ஆண்குருவி மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும். பிடிக்காவிட்டால் பெண்குருவி ஒன்றும் சொல்லாமல் பக்கத்துக் கூட்டுக்குப் போய்விடும்.

போன பருவத்தில் மஞ்சளனின் கூட்டுக்கு வந்த பெண்குருவிகள் எல்லாம் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விட்டன. மற்றக் கூடுகளில் குஞ்சுகள் கீச்சிட்டன. அவன் கூடு மட்டும் சும்மா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஓர் ஓணான் வந்து குடியேறியது. மறுநாளே அதுவும் காலி செய்துகொண்டு போய்விட்டது. பெண்குருவிகள் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஓணான் போனதைத்தான் அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பருவமும் அப்படிப் போய்விடக் கூடாது. ஓடைக்கரை நாணல் பூத்துவிட்டால் பெண்குருவிகள் வருவது நின்றுவிடும். அதற்குள் ஒருத்திக்காவது கூடு பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பருவம்வரை தனியாகத்தான் இருக்க வேண்டும். 

'போன தடவை யோசிக்காமல் கட்டினேன், அதனால்தான் கெட்டேன். இந்தத் தடவை யோசித்துக் கட்டுவேன்' என்று முடிவு செய்து, யோசனை கேட்க ஆந்தையாரிடம் போனான். ஆந்தையார் பகலில் தூங்குவார் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும். நம் புத்திசாலிக்கு மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. உச்சிவெயிலில் போய் எழுப்பினான்.

"ஐயா, பொம்பளைக் குருவிங்க மனசுல என்ன இருக்குன்னே தெரிய மாட்டேங்குது. எப்படிக் கூடு கட்டுனா பிடிக்கும்?"

ஆந்தையார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "விருப்பம் என்பது நிலையில்லாதது. நிலையில்லாததை எண்ணால் பிடித்துவிடலாம். கூட்டுக்கு என்னென்ன குணங்கள் வேண்டும்? உறுதி, அழகு, இடவசதி, குளிர்ச்சி. ஒவ்வொரு குணத்துக்கும் எவ்வளவு மதிப்பு என்று பலரிடமும் கேள். கூட்டிப் பார். எதற்கு மதிப்பு அதிகமோ, அதைக் கூட்டில் அதிகமாக வை."

"யார்கிட்ட கேக்கணும், ஐயா?"

"அறிந்தவர்களிடம்."

"யாரு அறிஞ்சவங்க?"

ஆந்தையார் அதற்குள் தூங்கிவிட்டார். மஞ்சளன் அதையும் ஓர் ஆழமான பதிலாகவே எடுத்துக்கொண்டான்.

ஓடைக்கரையில் ஒரு தட்டைப்பாறை இருந்தது. அதன்மேல் நான்கு குணங்களுக்கும் நான்கு இடம் ஒதுக்கினான். புல்லரிசி கொஞ்சம் கொண்டுவந்து கொட்டினான். அந்தப் பக்கமாகப் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எந்தக் குணம் முக்கியம்னு நினைக்கிறீங்களோ அங்க அரிசியைப் போடுங்க" என்று கேட்டுக்கொண்டான்.

முதலில் மயில் வந்தது. மயில் தரையில் முட்டையிடுகிற பறவை. தொங்குகிற கூட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தயங்கவில்லை.

"அழகுதான்பா எல்லாம். அழகில்லாத கூட்டை யாரு திரும்பிப் பாக்கப் போறா?" என்று, தன் தோகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே மயில் அரிசியை அழகின்மேல் கொட்டியது.

அடுத்து முள்ளம்பன்றி வந்தது. எதற்கும் பயப்படுகிற பிராணி அது.

"உறுதி வேணும். செவுரு தடிமனா இருக்கணும். நரி வரும்" என்றது.

"மரத்து மேல நரி வராதே."

"வந்துட்டா என்ன பண்ணுவ?"

மஞ்சளன் தன் மரத்தடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். ஆகவே முள்ளம்பன்றி விரும்பிய அளவு அரிசியை உறுதியின்மேல் போட விட்டுவிட்டான்.

கடைசியாக எருமை தண்ணீர் குடிக்க வந்தது. "படுத்தா புரண்டு படுக்க இடம் வேணும். அப்புறம், சேறு இருந்தா குளுகுளுன்னு இருக்கும்" என்றது. இடவசதிக்குக் கொஞ்சம், குளிர்ச்சிக்கு நிறைய என்று பெருமூச்சாலேயே அரிசியைத் தள்ளிவிட்டது.

மஞ்சளன் குவியல்களை எண்ண உட்கார்ந்தான். எண்ண எண்ணப் பசித்தது. தேன் எடுப்பவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? இவனுக்கு அலகுக்கு நேரே புல்லரிசி. எண்ணிக்கொண்டே கொத்தினான். குளிர்ச்சிக் குவியல் பக்கத்தில் இருந்ததால் அதுதான் அதிகமாகக் குறைந்தது.

"ஆக, குளிர்ச்சி அவ்வளவு முக்கியம் இல்லை" என்று கணக்கை முடித்து, அலகைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த மட்டையில் ஓலையன் என்ற குருவி தன் பாதிக்கூட்டில் வேலையாக இருந்தான். மஞ்சளனைவிட வயதில் மூத்தவன். பொறுமைசாலி. மஞ்சளன் தன் கணக்கை அவனிடம் பெருமையாகச் சொன்னான்.

ஓலையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தவிட்டாயி மாதிரி பொண்ணுங்களைக் கேட்டியாடா தம்பி?" என்றான். தவிட்டாயி அந்தப் பருவத்தில் புதிதாக வந்திருந்த பெண்குருவி.

"அவங்களைக் கேட்டா கணக்கு எதுக்கு அண்ணே? அவங்களுக்கே அவங்க மனசு தெரியாது. இன்னைக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்லுவாங்க."

"அதனாலதானே பாதியில நிறுத்தி வச்சுக் காட்டுறோம்."

மஞ்சளன் சிரித்தான். "வேலை செய்ய உடம்பு வளையாதவங்க பாதியில நிறுத்திட்டு, அதுக்கு வழக்கம்னு பேரு வச்சுக்கிட்டாங்க. எனக்குப் பதில் தெரிஞ்சுபோச்சு. நான் எதுக்கு நிறுத்தணும்?"

ஓலையன் ஒரு நாரை எடுத்துப் பின்னத் தொடங்கினான்.

மஞ்சளன் மூச்சுவிடாமல் உழைத்தான். முள்ளம்பன்றிக்காகச் சுவரை மூன்று மடங்கு தடிப்பாகப் பின்னினான். எருமைக்காக வயிற்றை அகலமாக்கினான். மயிலுக்காக ஈரமண்ணை உருட்டிக் கொண்டுவந்து வெளியெல்லாம் அப்பி, மேலே சிவப்பும் வெள்ளையுமாகப் பூவிதழ்களை ஒட்டினான். நீளமாக வாசற்குழாயும் கட்டி முடித்தான். அந்த மரத்தில் பெண்குருவி பார்க்காமலேயே கட்டி முடிக்கப்பட்ட முதல் கூடு அதுதான்.

கூட்டின் கனத்தில் மட்டை வளைந்தது. வாசற்குழாய் கீழே கீழே இறங்கி, ஓடைத் தண்ணீரைத் தொட்டுவிடும்போல் நின்றது.

"குளிர்ச்சியும் தானா கிடைச்சிருச்சு" என்று மஞ்சளன் சந்தோஷப்பட்டான்.

ஒரு காலையில் பெண்குருவிகள் வந்தன. ஈச்சமரமே கூச்சலில் அதிர்ந்தது. ஒவ்வொருத்தியும் ஒரு பாதிக்கூட்டில் உட்கார்ந்து ஆடினாள், இழுத்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். தவிட்டாயி நேரே மஞ்சளனின் கூட்டுக்கு வந்தாள். பூவைப் பார்த்துத்தான் வந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மயில் சொன்னதில் அவ்வளவு உண்மை இருந்தது.

கூட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். உட்கார இடம் இல்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"உக்காந்து பாக்குற கயிறு எங்க?" என்று கேட்டாள்.

"உள்ள இருக்கு. மூடிட்டேன். நீ பாக்கவே வேண்டியதில்ல. எல்லாம் கணக்குப் பாத்துக் கட்டினது. உறுதிக்கு இவ்வளவு, அழகுக்கு இவ்வளவு..."

"இழுத்துப் பாக்கணுமே."

"இழுக்கவும் வேண்டாம். காட்டுல பெரியவங்க எல்லாரையும் கேட்டாச்சு."

தவிட்டாயி பறந்தபடியே குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தாள். உள்ளே ஒரே இருட்டு, ஒரே அகலம். வெளியே தலையை எடுத்துக் கீழே பார்த்தாள். அலகுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க முட்டை உருண்டுபோய் எங்க நிக்கும்னு எனக்கே தெரியல. குஞ்சு எட்டிப் பாத்தா நேரா ஓடைக்குள்ளதான் விழும்" என்றாள். பிறகு மிகவும் மரியாதையாக, "இது யாருக்குக் கட்டினது?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான்."

"எருமைக்குச் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் பறந்துபோனாள்.

மஞ்சளன் சிறகைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். எருமை என்ற பேச்சு அவள் வாயில் எப்படி வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. அவன் அவளிடம் சொல்லவே இல்லையே. கூட்டைப் பார்த்தாலே தெரிகிறது என்பது மெதுவாகத்தான் உறைத்தது. அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. கரையில் முதல் நாணல் வெண்மையாகத் தலைநீட்டியிருந்தது.

சுற்றிலும் பார்த்தான். இத்தனை பேரிடம் கேட்டிருக்கிறான். இந்தக் கூட்டில் குடியிருக்கப்போகிறவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. மயில் தரையில் முட்டையிடும். முள்ளம்பன்றி வளையில் படுக்கும். எருமை சேற்றில் படுக்கும். குடியிருக்கப்போகிறவளை அவன் ஒன்றும் கேட்கவில்லை; அவள் இழுத்துப் பார்க்க வேண்டும் என்றபோதும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தன்னையறியாமல் சிரித்துவிட்டான். "எவ்வளவு பெரிய அறிவாளி நான். கேக்கக் கூடாத எல்லார்கிட்டயும் ஒழுங்கா வரிசையா கேட்டிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சிரிப்பு நின்றதும் அழுகை வரும்போல் இருந்தது.

புதுக்கூடு தொடங்க நேரம் இல்லை. ஒரே வழிதான் இருந்தது. அவன் தன் வாசற்குழாயை அலகால் பற்றி இழுத்தான்.

மரத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மஞ்சளன் யாரையும் பார்க்கவில்லை. ராப்பகலாய்ப் பின்னிய நார்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தான். பூவிதழ்கள் தண்ணீரில் விழுந்து மிதந்துபோயின. அப்பிய மண்ணைக் கொத்திக் கொத்தி உதிர்த்தான். கனம் குறையக் குறைய மட்டை நிமிர்ந்தது. ஒரு பக்கச் சுவரை உரித்து எடுத்ததும், உள்ளே மூடிவைத்திருந்த குறுக்குக் கயிறு வெளியே தெரிந்தது.

"டேய், நல்லா இருந்த கூட்டை ஏன்டா பிய்க்கிற?" என்று ஓலையன் கேட்டான்.

"அதிகமா முடிச்சுட்டேன் அண்ணே" என்றான் மஞ்சளன்.

பிறகு கயிற்றுக்குப் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்து, கூசிக் கூசி ஒரு கூவல் கூவினான்.

தவிட்டாயி இன்னும் எங்கும் தங்கவில்லை. எல்லாக் கூடுகளையும் இழுத்துப் பார்த்துவிட்டு மரத்து உச்சியில் உட்கார்ந்திருந்தாள். கூவலைக் கேட்டு இறங்கி வந்தாள். கயிற்றில் உட்கார்ந்தாள். ஆடினாள். ஒரு நாரைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. வேறொன்றைப் பிடித்து, கால்களை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். அதுவும் வரவில்லை.

"கட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசல் இந்தப் பக்கம் வேண்டாம்" என்றாள்.

வாசல் ஏன் இந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதற்கு மஞ்சளனிடம் நல்ல காரணங்கள் இருந்தன. அலகைத் திறந்தான். மூடிக்கொண்டான். மறுபடி திறந்தபோது, "எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டான். ஒரு பெண்குருவியிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் மேற்குப் பக்கத்தைக் காட்டினாள். அவன் அந்தப் பக்கம் பின்னத் தொடங்கினான்.

மறுநாள் காலையில் வந்து, "மேற்கு வேண்டாம், கிழக்கே வைங்க" என்றாள்.

"நேத்து மேற்குன்னுதானே சொன்ன?"

"நேத்துக் காத்து இப்படி அடிக்கல."

மஞ்சளன் பின்னியதைப் பிரித்தான். நல்லவேளை, கொஞ்சம்தான் பின்னியிருந்தான். கிழக்குப் பக்கம் ஒரு வளையம் பின்னிக் காட்டினான். அவள் அதில் தலையை விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் குறுக்கச் சொன்னாள். குறுக்கினான். இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றச் சொன்னாள். ஏற்றினான்.

கரையெல்லாம் நாணல் பூத்து வெளுத்திருந்தது. மற்றப் பெண்குருவிகள் வருவது நின்றுபோயிற்று. தவிட்டாயி மட்டும் கயிற்றின்மேல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். மஞ்சளன் பக்கத்து மட்டையில் காத்திருந்தான். எதையும் எடுத்துச் சொல்லிப் புரியவைக்கவில்லை. அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியில் அவள் இன்னொரு தடவை ஒரு நாரை இழுத்துப் பார்த்தாள். இறகைக் கோதிக்கொண்டாள். கயிற்றின்மேல் நன்றாகப் பதிந்து உட்கார்ந்தாள்.

"சரி, மீதியக் கட்டுங்க" என்றாள்.

நீதி: யாருக்காக ஒரு பொருளைச் செய்கிறோமோ, அவர் கை வைத்துப் பார்க்கும்வரை அதை முடித்துவிடக் கூடாது.