பூனைக்காலியும் பத்து ஜோடிக் கையுறையும்

பூங்கா மரமெல்லாம் பூனைக்காலிக் கொடி ஏறிக் காய்த்துக் கிடந்தது. அந்தக் காயின் சுணை பட்டால் தோல் அரித்துத் தடித்துவிடும். இரண்டு நாளைக்குச் சோற்றில் கை வைக்க முடியாது. கிளை கழிக்கும் ஒச்சம்மா கையுறை கேட்டாள்.

"அரிப்பெல்லாம் வெறும் மனப்பிராந்தி! வேலைக்கு வணங்காத உடம்பு!" என்றார் கண்காணிப்பாளர் தணிகாசலம். அவர் அலமாரியில் பத்து ஜோடிக் கையுறை பூட்டிக் கிடந்தது.

மாநகராட்சி ஆணையர் பார்வையிட வந்த அன்றுதான் அலமாரி திறந்தது.

"இது போட்டோவுக்குத்தான். முடிஞ்சதும் பத்தும் என் கைக்கே வந்து சேரணும்!"

"உங்க கையிலயே தாரோம் சார்," என்றாள் ஒச்சம்மா.

போட்டோ எடுத்த பிறகும் தொழிலாளர்கள் பத்துப் பேரும் கையுறையைக் கழற்றாமல் பூனைக்காலியை அறுத்துத் தள்ளினார்கள். ஆணையர் கிளம்பும் நேரம், ஒச்சம்மா கையுறைகளைக் கிளை இழுக்கும் அலக்குக் கம்பில் தொங்கவிட்டு, தணிகாசலத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எண்ணி வாங்கிக்கோங்க சார்."

தணிகாசலம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "ஐயோ, சுணை!"

"மனப்பிராந்திதானே சார்?"

ஆணையர் ஒளிந்த கைகளைப் பார்த்தார். ஒச்சம்மாவின் முழங்கை வரை தடித்திருந்த தழும்புகளையும் பார்த்தார்.

கையுறைகள் தொழிலாளர்களிடமே தங்கின. மறுநாள் முழுக்கைச் சட்டைக்கு அளவெடுக்கத் தையற்காரர் வந்தார். ஒச்சம்மாதான் முதல் ஆளாகக் கையை நீட்டினாள்.