ஆம்பல் ஊன்றிய கால்

ஓர் ஏரியில் நாரைக் கூட்டம் ஒன்று இருந்தது. உச்சிவெயிலில் எல்லா நாரைகளும் ஒற்றைக் காலில் நின்று கண்ணயரும். மறுகாலை ஊன்றினால் போச்சு, பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.

ஆம்பல் என்ற இளம் நாரைக்கு அந்தப் பட்டம் எப்போதோ கிடைத்துவிட்டது. பாவம், அவளுக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்வு. ஒற்றைக் காலில் நின்றால் கால் பின்னால் வளையும், உடம்பு ஆடும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். நெஞ்சு அடித்தால் ஆபத்து வருகிறது என்றுதான் அவளுக்குத் தோன்றும். "பருந்து!" என்று கத்திவிடுவாள். கூட்டம் மொத்தமும் அலறிப் பறக்கும். வானத்தில் ஒரு காக்கைகூட இருக்காது.

தலைவர் நெடுங்காலனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இன்னும் அதிக நேரம் ஒற்றைக் காலில் நில் என்றார். படபடப்பு கூடியதுதான் மிச்சம். கடைசியில், நாளைக்கும் வீணாகக் கத்தினால் கூட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஆம்பலும் அவள் அக்கா குவளையும் தாங்கள் பிறந்த புன்னை மரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். பழைய கூட்டில் நாலைந்து சுள்ளிகள்தான் மிச்சம். அம்மா கொண்டுவந்த கெண்டைக்குப் போட்ட சண்டை, மழையில் ஒருவர் இறக்கைக்குள் ஒருவர் புதைந்து தூங்கியது, எல்லாம் ஆம்பலுக்கு நினைவுக்கு வந்தது. எவ்வளவு நல்ல நாட்கள்!

"அக்கா, கூட்டுல இருந்தப்ப நான் எப்பவாவது இப்படிக் கத்தியிருக்கேனா?"

குவளை யோசித்தாள். "இல்லையே. எனக்கும் அம்மாவுக்கும் நடுவுல ஒடுங்கிக்கிட்டு நல்லாத் தூங்குவே. நீ ஆடவே இடமில்லை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் உச்சிவெயிலில் ஆம்பல் இரண்டு காலையும் ஊன்றி, அக்காமேல் சாய்ந்து நின்றாள். கூட்டம் சிரித்தது. நெடுங்காலன் கோபமாக வந்தார்.

"இது நாரை நிக்கிற நிலையா?"

"இல்லைங்க. என் உடம்பு நிக்கிற நிலை" என்றாள் ஆம்பல்.

படபடப்பு அடியோடு போய்விடவில்லை. ஆனால் கத்தும் அளவுக்கு வரவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அவள் தூங்கினாள், கூட்டமும் நிம்மதியாகத் தூங்கியது. நெடுங்காலன் மட்டும் விழித்திருந்தார். வயதான அவருடைய கால் சில காலமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது, யாரிடமும் அவர் சொன்னதில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். மெல்ல மறுகாலைத் தண்ணீரில் ஊன்றினார்.

உடம்பின் வாகினால் வரும் பயத்தைக் கோழைத்தனம் என்று ஏசாமல், அந்த உடம்பு நிற்க ஏற்ற வழியைத் தேடுவதே அறிவு.